காயில்காரர் வைத்த அழைப்பு

மரியாதை கொடுப்பதில் காயில்காரரை மிஞ்ச கோயமுத்தூரில் ஆள் கிடையாது. ஊரே மரியாதைக்குப் பேர்போனது என்பதால் இதை யோசித்துத்தான் சொல்கிறேன். எங்கள் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எரிந்துபோன மோட்டாரிடம்கூட, “ஏனுங்க, ஒருக்கா சுத்துங்க பாக்கலாம்” என்பார். பட்டறைக்குள் நுழையும் தெருநாயை, “வெளிய போங்க” என்பார். அது போகாது.

தெருக்கோடியில் பால்வாடிக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை வீடில்லாதவர்கள் தங்குமிடமாக மாற்றப் போவதாகவும், தெருக்காரர்கள் கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்லலாம் என்றும் மாநகராட்சியில் இருந்து வந்து சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கூட்டத்துக்கு ஒருவரும் போகவில்லை. பதிலுக்கு ஓர் எதிர்ப்பு மனு தயாரானது. என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் எழுதியது நான். முதல் கையெழுத்து, கட்டடத்துக்கு அடுத்த வீட்டு ஸ்டெல்லா டீச்சருடையது. தெரு ஒத்துக்கொள்ளாவிட்டால் திட்டத்தையே கைவிட வேண்டியதுதான் என்று மாநகராட்சி அதிகாரி சொல்லிவிட்டார்.

அப்படிக் கைவிட்டால் நஷ்டம் மாராத்தாளுக்கு. சோமனூரில் தறி ஓட்டியவர். தறியும் போய், புருசனும் போய், பட்டறை வாசலில் படுத்துக்கொண்டிருந்தார்.

காயில்காரர் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக இருந்தேன்.

“மனு ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்களாமா” என்றார். உண்மையாகவே பாராட்டினார். பிறகு, “சொவத்துல நோட்டீஸ் ஒட்டுனா யாருங்க வருவாங்க? ஊடு ஊடாப் போயிக் கூப்புடோணுமுங்க” என்றார்.

சொன்னபடியே செய்தார். வெள்ளை வேட்டி, கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம். ஒவ்வொரு வீட்டிலும், “ஞாயித்துக்கெழம அந்தக் கட்டடத்துல கூட்டமுங்க, குடும்பத்தோட வந்துருங்க” என்று கும்பிட்டார். எங்கள் பக்கத்தில் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டால் அதற்குமேல் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. திட்டம் கைவிடப்பட்டது, காயில்காரர் அந்தக் கட்டடத்தை விலைக்கு வாங்கிக் குடிபோகிறார் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலையும் சீர்த்தட்டுமாக எல்லோரும் வந்து இறங்கினார்கள். குடம் வந்தது, போர்வை வந்தது, மூன்று சுவர்க்கடிகாரங்கள் வந்தன. மூன்றும் மூன்று நேரம் காட்டின. டீச்சர் ஒரு குக்கரைக் காயில்காரர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினால், காயில்காரர் கேட்டுக்கொண்டபடி இரண்டாவது கூட்டம் நடத்த வந்த அதிகாரி மேசையில் வரைபடத்தை விரித்துக்கொண்டிருக்கிறார். டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சீர் கொடுத்த வீட்டுக்கு எதிராக மனுக் கொடுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. கொடுத்த குக்கரைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. காயில்காரர் பாவம், கூட்டத்துக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் தெளிவாகத்தான் சொன்னேன் என்று தவித்துப்போனார். வேறு வழியில்லாமல் எல்லோரும் உட்கார்ந்தோம். அதே தாம்பாளத்தோடு அழைக்கப்பட்ட மாராத்தாளும், கடைவாசல்களில் படுப்பவர்கள் பத்துப் பேரும் பக்கத்து நாற்காலிகளில் இருந்தார்கள்.

குப்பை எங்கே போகும், குழாய் எங்கே வரும் என்று நாங்கள் ஒரு மணி நேரம் அதிகாரியைப் பிடித்து உலுக்கினோம். காயில்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாராத்தாள் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு என்னங்க வேணும்?”

மாராத்தாள் கொஞ்சம் தயங்கினார். “பொம்பளைங்க ரூமுக்கு உள்தாப்பாள் வேணுமுங்க. ரெண்டு கண்ணும் மூடித் தூங்கி ஆறு வருசமாச்சுங்க.”

அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். வெளிப்பூட்டுக்கு மட்டும்தான் இடம் விட்டிருந்தார்கள். டீச்சர் எழுந்து வந்து வரைபடத்தில் விரலை வைத்தார்.

“அந்த ரூமை எங்க காம்பவுண்டுப் பக்கம் போட்டுருங்க சார். ஒரு சத்தம் கேட்டாலும் நான் வந்துருவேன்.”

முத்து முத்தாக எழுதிய மனுவை நானே கிழித்தேன். வெட்கமாக இருந்தது.

தாழ்ப்பாளைக் காயில்காரரே வாங்கிவந்து பொருத்தினார். திறப்பு நாளன்று மாராத்தாளை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளச் சொன்னார். வெளியிலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். கதவு அசையவில்லை. அவருக்குத் திருப்தி. ஆனால் மாராத்தாள் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. விருந்தினர்கள் காத்திருக்கிறார்கள், தட்டிக் கூப்பிடுங்கள் என்றார் அதிகாரி.

“இருக்கட்டுங்க” என்றார் காயில்காரர். “அவிங்களுக்கா எப்பத் தோணுதோ அப்பத் தொறக்கட்டும்.”

கைகட்டி அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்த மனிதரோடு நிற்க எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.