பெரியவருக்கு எந்த சிஸ்டம்?

தொழில் உரிம அலுவலகத்தில் ஒரே ஒரு லேப்டாப் உண்டு. அதற்குப் பெரியவர் என்று பெயர். காலையில் எழுத்தரம்மா பொத்தானை அமுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போவார். குடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, பக்கத்து மேஜைக்காரியின் மருமகள் புராணத்தைக் கேட்டு முடித்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பெரியவர் அவசரப்பட மாட்டார். ஆனால் எழுந்துவிட்டால் கேட்ட உரிமத்தை அச்சடித்துக் கொடுத்துவிடுவார்.

வரிசையில் எனக்கு முன்னால் சலூன்காரர். அவர் கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு கடை பிடித்து, சுழல் நாற்காலி, கண்ணாடி எல்லாம் மாட்டி வைத்திருந்தார். உரிமம் வராமல் ஷட்டரைத் தூக்கக் கூடாது. மாதக் கடைசிக்குள் தூக்காவிட்டால் இடத்தைச் செல்போன் கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று உரிமையாளர் கறாராகச் சொல்லியிருந்தார். மதியமானால் சலூன்காரர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நிற்பார்.

"வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

தூக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா திரும்பிவிடுவார். நான் தையல்காரன். எனக்கும் உரிமம்தான் வேண்டும். ஆனால் வீட்டிலேயே மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அடுப்பு எரிந்தது. அவர் வீட்டில் அதுவும் சந்தேகம்.

இப்படி இருக்கையில், திரையில் வட்டம் சுற்றுவதை உயர் அலுவலர் தம் திருக்கண்ணால் கண்டுவிட்டார். கண்டதும் கவலைப்பட்டார். கவலைப்பட்டதும் குழு அமைத்தார். 'இயங்குதளத் தேர்வு உயர்மட்டக் குழு' என்பது அதன் நாமம். இயங்குதளம் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டம். லேப்டாப்புக்குள் உட்கார்ந்து அதை எழுப்பி வேலை வாங்குகிற சமாச்சாரம். குழு முடிவெடுக்கும் வரை பழுதான கருவியை யாரும் தொடலாகாது என்று உத்தரவும் பிறந்தது.

"பெரியவர் பழுதாகல சார். மெதுவா ஓடுறார், அவ்வளவுதான்," என்றார் எழுத்தரம்மா.

"பழுதாகலைன்னா குழு எதுக்கும்மா?"

அந்த நியாயப்படி உரிமம் வழங்குவது நின்றது.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வரவழைக்கப்பட்டார். சட்டையில் பென்குவின் படம்.

"மெமரி ரொம்பக் கம்மி சார். புது விண்டோஸைத் தூக்காது."

"ஏன் தூக்காது? என்னை இந்த நாற்காலி தூக்கலியா?"

"லேசான லினக்ஸ் சிஸ்டம் ஒண்ணு போட்டுக்கலாம். என் சட்டையில இருக்கிற பென்குவின் அதோட சின்னம்தான். இலவசம்."

அலுவலர் முகம் சுருங்கியது. "இலவசமா? அப்ப கெட்டுப்போனா யாருக்கு நோட்டீஸ் விடுறது?"

"கெட்டுப்போகாது சார்."

"கெட்டுப்போகாத பொருளை இந்த ஆபீஸ் வாங்கினதே இல்லையேய்யா!"

குழு பலமாகத் தலையாட்டியது. உதவி அலுவலர் தொண்டையைச் செருமினார். "இப்பல்லாம் எல்லா ஆபீஸ்லயும் திரையில படம் தானா மாறுதாம் சார். மலை, கடல், பூன்னு. நம்மகிட்ட வெறும் நீலம். வெளிய சொன்னா வெக்கக்கேடு."

அந்த வெட்கத்தில் அன்றைய கூட்டம் முடிந்தது. மறுநாள், லினக்ஸ் என்றால் எது என்று கேட்டார்கள். "லேசானதுலேயே ஏகப்பட்ட வகை இருக்கு சார்," என்று ஆரம்பித்த மெக்கானிக் மாலை வரை நிறுத்தவில்லை. காலையில் புகழ்ந்ததை மாலையில் தானே திட்டி, தன்னோடு தானே வாதாடித் தோற்றுப்போய், தண்ணீர் கேட்டார்.

தலையைப் பிய்த்துக்கொண்ட குழு, பொறுப்பை எங்கள் தலையில் கட்டியது. மக்கள் கருத்தறிதலாம். அலுவலரே வரிசைக்கு வந்தார்.

"உங்களுக்கு எந்த சிஸ்டம்?"

"எது போட்டாலும் சரிங்க. உரிமம் வந்தா போதும்," என்றார் சலூன்காரர்.

"எது போட்டாலும் சரிங்கிற கருத்துக்கு இங்க இடமில்லை. ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்க."

சலூன்காரர் மெக்கானிக் சட்டையைப் பார்த்தார். "பென்குவின் லட்சணமா இருக்கு. படிய வாரிவிட்ட தலை."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பறவையை நம்பி ஆபீஸை ஒப்படைப்பதா? "விண்டோஸ்!" என்றேன். அதற்கு முன் அந்தப் பெயரை நான் நாலு தடவை உச்சரித்திருந்தால் அதிகம்.

"அண்ணே, உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் அவர்.

"உனக்கு என்ன தெரியும்?" என்றேன் நான். இந்த விஷயத்தில் இருவரும் சரிசமம்.

மறுநாள் வரிசை இரண்டாகப் பிளந்தது. பேக்கரிக்காரர் என் பக்கம், பஞ்சர் ஒட்டுகிறவர் அவர் பக்கம். கத்தல் தாங்காமல் எங்களை முற்றத்துக்கு அனுப்பினார்கள். சலூன்காரருக்கு அப்படி ஒரு நாவன்மை இருக்கும் என்று யார் கண்டது! பெஞ்சு மேல் ஏறி நின்று, "இலவசம் நம் உரிமை!" என்று முழங்கினார். மாடி ஜன்னலிலிருந்து அலுவலர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நெடுநாள் கழித்து அன்றுதான் அவரிடம் யாரும் உரிமம் கேட்கவில்லை. மதியம் வந்த மனைவி கீழே நின்று, "வந்துடுச்சா?" என்றார். "இரும்மா, பேசிட்டிருக்கேன்ல!" என்றார் சலூன்காரர்.

மாதக் கடைசி நாள். குழுவின் அறிக்கையைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அலுவலகத்தில் வேறு கருவி ஏது? எழுத்தரம்மா பெரியவரின் பொத்தானை அமுக்கினார், காபி குடிக்கப் போனார், வந்தார். பெரியவர் எப்போதும்போல எழுந்தார். எழுந்தவரைச் சும்மா வைப்பானேன் என்று, அந்த நல்ல மனுஷி உரிமங்களையும் தயார்செய்து வரிசையாகப் பெயர் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிட்டார். கூடத்தில் ஈ, காக்கை இல்லை. நாங்கள்தான் முற்றத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோமே! 'அழைத்தபோது ஆஜராகவில்லை' என்று அத்தனை உரிமங்களும் ரத்தாயின.

அறிக்கையை மாலையில் வாசித்தார்கள்: பெருவாரியான மக்கள் விருப்பப்படி லினக்ஸ் தேர்வு செய்யப்படுகிறது, எனினும், தற்போதைய கருவி நல்ல நிலையில் இயங்குவதால் மாற்றம் ஏதும் தேவையில்லை.

"ஐயா, நாங்க கீழதானே இருந்தோம்!" என்று அலறினார் சலூன்காரர்.

"தெரியும். அருமையாப் பேசினீங்க. நானே கைதட்டினேன். புதுசா விண்ணப்பம் போடுங்க."

இருவரும் அவர் கடைப் பக்கம் நடந்தோம். அவர் பிடித்த கடையில் செல்போன் கடைக்காரன் பலகை மாட்டிக்கொண்டிருந்தான். சுழல் நாற்காலியும் கண்ணாடியும் தெருவில் கிடந்தன. பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார். இந்த முறை வந்துவிட்டதா என்று கேட்கவில்லை.

"நாமதான் ஜெயிச்சோம்," என்றார் சலூன்காரர் ஈனக்குரலில்.

"ரொம்ப சந்தோஷம். ஒரு பக்கம் பிடிங்க, நாற்காலியைத் தூக்கணும்," என்றார் அந்த அம்மா.

எனக்கு மனசு கேட்கவில்லை. "இதுக்குத்தான் தங்கச்சி, அன்னைக்கே விண்டோஸ்னு சொன்னேன்," என்றேன்.