தருவாயா தருவாயா

தமிழாசிரியர் கையில் எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது, திருத்திவிடுவார். நான் அப்படித் திருத்தப் போய்த்தான் என் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தேன்.

மெர்சியும் நானும் அப்போது சிங்கப்பூரில் ஒரே துணைப்பாட நிலையத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தோம். ஒருவரை ஒருவர் பிடிக்கும், வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் வீட்டில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் பதில் சொல்லியாக வேண்டும். (இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான்.)

முந்தின நாள் தேக்கா உணவங்காடியில் தோசைக்குக் காத்திருந்தபோது கைப்பேசியை நீட்டினாள். "நான் எழுதுனது. பார்த்துச் சொல்லுங்க."

வருவாயா வாராயா வந்தாலும் வாக்குத்
தருவாயா தருவாயா சொல்

குறள் வெண்பா! எனக்குத் தலைகால் புரியவில்லை. டிஷ்யூ ஒன்றை விரித்து, சிவப்புப் பேனாவால் சீர் பிரித்தேன்.

"வருவாயா, தருவாயா... எதுகை அருமை. முதலடி முழுக்க வகரம், மோனையும் பிரமாதம். ஆனா ரெண்டாவது 'தருவாயா'வுல தளை தட்டுது. காய்ச்சீருக்கு அப்புறம் நேரசை வரணும், நீங்க நிரையைப் போட்டுட்டீங்க. 'தாராயா'ன்னு மாத்துங்க, சரியாயிடும். ஒரே சொல்லை எதுக்கு ரெண்டு தடவை?"

(தளை தட்டுவது என்றால், ஒரு சீர் அடுத்த சீரோடு இலக்கணப்படி ஒட்டாமல் நிற்பது. அன்று மேசையில் ஒட்டாமல் நின்றது சீர் மட்டுமல்ல.)

மெர்சி டிஷ்யூவையே பார்த்தாள். "ஒரு தடவை கேட்டா உங்களுக்குப் புரியாதுன்னுதான் லா," என்றாள். தோசை வருவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

இரண்டு தோசையையும் நானே தின்னத் தொடங்கினேன். இரண்டாவதில் பாதி போனபோதுதான், அவள் என்னிடம் திருத்தம் கேட்கவில்லை, என்னையே கேட்டிருக்கிறாள் என்பது உறைத்தது. மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு எம்ஆர்டி ரயில் பிடித்து பிடோக்கில் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

கதவைத் திறந்தது அவள் அப்பா. மின்தூக்கிக்குப் பொறுமையில்லாமல் ஒன்பது மாடி ஏறியிருந்தேன். தயாரித்து வைத்திருந்த பேச்சு மூச்சோடு போய்விட்டது.

"தருவேன் அங்கிள்... தருவேன்!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணும் வேணாம் தம்பி, நாங்க எதுவும் வாங்குறதில்ல."

உள்ளேயிருந்து மெர்சி சிரிப்பது கேட்டது.

இப்போதும் கிறிஸ்துமஸுக்குப் போனால் மாமனார் உடனே கதவைத் திறப்பதில்லை. உள்ளிருந்தே, "என்ன மாப்ள, தருவீங்களா?" என்பார். பலகாரப் பையோடு வெளியே நின்று, அண்டை வீட்டுக்காரர்கள் பார்க்க, "தருவேன், தருவேன்" என்று நான் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் நிற்கும் என் மனைவிதான் தீர்ப்பு வழங்குவாள்: "மாச்சீருக்கு அப்புறம் நிரை. தளை தட்டலப்பா, திறங்க."