அந்தப் பக்கத்துக் கரண்ட்

வேகத்தைப் பற்றி எக்ஸ்பிரஸுக்குத் தெரிந்த அளவு இந்தப் பூமியில் வேறு யாருக்கும் தெரியாது. நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே மிக மெதுவான மனிதரும் அவர்தான்; அதனால் வந்த பட்டப்பெயர்தான் அது. அவருடைய மொபெட்டை நடந்து போகிறவர்கள் முந்துவார்கள்; முந்தும்போது நின்று நலம் விசாரிப்பார்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அடுத்தது அவருடையது. மைன்ஸில் நிலக்கரி ஓடும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிற பெர்மனன்ட் வேலை. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், அதையும் மெதுவாகத்தான்.

ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் இங்கிலீஷ் சூப்பர் ஹீரோ கதைகள். அதிலும் கண் மூடித் திறப்பதற்குள் ஊரைச் சுற்றி வருகிற ஹீரோக்களை மட்டும்தான் பிடிக்கும். பறக்கிறவர்களை மதிக்கவே மாட்டார். அப்படி ஓட ஒருவனுக்குச் சக்தி எங்கிருந்து வரும்? கதை எழுதியவர்கள் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். நம் உலகத்தை ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் உலகம். அது முழுக்கத் தீராத சக்தி. ஹீரோ ஒயர் மாட்டாமலே அதிலிருந்து கரண்ட் எடுத்து ஓடுகிறான். எக்ஸ்பிரஸ் அதற்கு வைத்த பெயர் ‘அந்தப் பக்கம்’.

“இதெல்லாம் கட்டுக்கதைதானே தம்பி?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“கதைதான்க்கா. கதைன்னா ஒரு கணக்கு வேண்டாமா?”

பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஒரு முறை ஷிப்ட் பஸ்ஸுக்கு வெளியே நின்றுகொண்டு டிரைவருக்கே அந்தப் பக்கத்தை விளக்கினார். டிரைவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மகனோ ஒரு காலையில் தட்டைத் தள்ளிவிட்டு, “உப்புமா வேணாம்மா, எனக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்துடும்” என்றான். அன்று நான் எக்ஸ்பிரஸ் வீட்டுக் கதவைத் தட்டிய வேகத்துக்கு எந்தப் பக்கத்துச் சக்தியும் தேவைப்படவில்லை.

சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் இதே பேச்சு. விருத்தாசலத்தில் பெண்ணின் அப்பா தரகரைத் தனியே கூப்பிட்டு, “பையன் எப்பவும் இப்படித்தானா, இன்னிக்கு மட்டுமா?” என்று கேட்டாராம். ஊரிலிருந்து அவருடைய அம்மா போனில் என்னிடம் அழுவார். “எம் பிள்ளை தங்கம் தாயி. வாயத்தான் கொஞ்சம் கட்டி வையி.”

அதனால் பண்ருட்டிச் சம்பந்தம் வந்தபோது அக்கா ஸ்தானத்தில் நானே கிளம்பினேன். பெண் பெயர் கலைச்செல்வி. முந்திரி உடைக்கிற யூனிட்டில் சூப்பர்வைசர். முப்பதைத் தாண்டியவள். இதுவும் தட்டிப்போனால் இனி பெண் பார்க்கவே வர மாட்டேன் என்று எக்ஸ்பிரஸ் சொல்லியிருந்தார்.

“அந்தப் பக்கம்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அப்புறம் நான் உனக்கு அக்கா இல்ல.”

“சத்தியமா வாயத் திறக்க மாட்டேன்க்கா.”

திறக்கவும் இல்லை. “மாப்ள, அந்தப் பக்கம் உக்காருங்க” என்று பெண்ணின் அப்பா சொன்னபோதுகூட என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பலாச்சுளை வந்தது. பஜ்ஜி வந்தது. கலைச்செல்வி காபியோடு வந்தாள். கரண்ட் போயிற்று.

தமிழ்நாடே மின்வெட்டில் புழுங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. டவுன்ஷிப்பில் இருந்த எங்களுக்கு மட்டும் அது வெறும் பேப்பர் செய்தி.

“இன்னாங்க இது, நீங்க பக்கத்துலயே கரண்ட்டு தயார் பண்ணிக்கினு இருக்கீங்க, எங்க வூட்டுல மிக்சி ஓட மாட்டுது” என்றார் பெண்ணின் அப்பா, விசிறிக்கொண்டே.

எக்ஸ்பிரஸ் முகம் மலர்ந்தது.

“கவலப்படாதீங்க மாமா. அந்தப் பக்கத்துல தீராத கரண்ட் இருக்கு.”

அவர் காலை மிதித்தேன்.

“அக்கா, என் கால மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, விளக்க ஆரம்பித்தார். ஹீரோ, ஓட்டம், இன்னோர் உலகம், ஒன்றும் பாக்கி இல்லை. காபியில் ஆடை படிந்தது. பெண்ணின் அப்பா தரகரைத் தேடினார். தரகர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது கலைச்செல்வி கேட்டாள்: “அந்த ஆளு ஓடிக்கினு இருக்கறப்ப, அங்க இருக்கறவங்களுக்குக் கரண்ட்டு போயிடுமேங்க?”

“அங்க யாரும் இல்லீங்க.”

“ஆளே இல்லாம எப்படிங்க கரண்ட்டு வரும்? யாராச்சும் ஷிப்ட்டு பாக்கணுமில்ல? எங்க யூனிட்டுல கரண்ட்டு போனா பொம்பளைங்கல்லாம் அன்னிக்குக் கூலி இல்லாம வூட்டுக்குப் போறாங்க. அங்க இருக்கறவங்க எங்கங்க போவாங்க?”

பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று வாழ்க்கையில் பாதி ஷிப்ட்டுகளாகக் கழித்த மனிதர். ஆடை படிந்த காபியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஷிப்ட் பஸ்ஸைச் சரியான நேரத்தில் பிடித்தார். என் மகன் ஒழுங்காக உப்புமா சாப்பிட்டான். எனக்குத்தான் வீடு வெறிச்சென்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். “அக்கா, கெளம்புங்க. பண்ருட்டி போகணும். அந்தப் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சே, பதில் சொல்லணும்.”

மொபெட்டில் போனால் தீபாவளி ஆகிவிடும் என்று பஸ்ஸில் கூட்டிப்போனேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துப் பெண்ணின் அப்பா திகைத்துப்போனார். எக்ஸ்பிரஸ் உட்காரக்கூட இல்லை.

“நீங்க சொன்னது சரிதாங்க. அங்கயும் ஆளுங்க இருக்காங்க. அவங்க உழைச்சாத்தான் இவன் ஓட முடியும். அதனால, ஒரு உயிர் போற அவசரம்னா மட்டும் அவன் ஓடணும். மத்த நேரம் நடக்கணும்.”

“மெதுவாவே நடக்கட்டுங்க” என்றாள் கலைச்செல்வி. “அப்படி இன்னா அவசரம்?”

என் வாழ்க்கையில் எக்ஸ்பிரஸ் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

பெண்ணின் அப்பா என் பக்கம் சாய்ந்தார். “இன்னாம்மா, ரெண்டு பேரும் யாரப் பத்திப் பேசிக்கினு இருக்குறாங்க?”

“எனக்கும் தெரியலைங்க. நீங்க முகூர்த்தத்துக்கு நாள் பாருங்க.”

நாங்கள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறோம். இங்கே கரண்ட் போனால் அடுக்குமாடி முழுவதும் ஈ.பி. ஆபீஸுக்குப் போன் போட்டுத் திட்டும். நான் திட்டுவதில்லை. எங்கோ ஓர் உயிருக்காக யாரோ ஒருவன் ஓடுகிறான், ஓடட்டும் என்று விட்டுவிடுவேன். இருட்டில் உட்கார்ந்து எக்ஸ்பிரஸுக்குத்தான் போன் செய்வேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவர் எழுந்து, நடந்து வந்து எடுக்க நேரமாகும். எனக்கும் ஒன்றும் அவசரமில்லை.