இருபது பாயின்ட் சைபர்

விடைமுந்தி என்று ஓர் இனம் உண்டு. அளப்பதற்கு முன்பே அளவைத் தெரிந்துவைத்திருக்கும் இனம். பள்ளி வேதியியல் ஆய்வகங்களில் கொழுத்து வளரும். எங்கள் திருத்தணி கோதண்டம் சார் அதில் முதல் தரம். மலைமேல் காரில் போய் இறங்கி, கடைசிப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினேன் என்று ஸ்டாஃப் ரூமில் மூச்சு வாங்குவார். எனக்கு இந்த ஆளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வன்று அவரைப் பார்க்க வேண்டுமே. குடுவையில் இரும்பு உப்புக் கரைசல் இருக்கும். மேலே பியூரெட்டிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் ரோஜா நிறம் வந்து நிலைத்ததும் நிறுத்தி, எத்தனை மில்லி செலவானது என்று பார்த்துக் கணக்குப் போட்டால் கரைசலின் செறிவு கிடைக்கும். இதற்குப் பொறுமை வேண்டும், கண் வேண்டும். சாருக்கு இரண்டும் எதற்கு?

"இருபது பாயின்ட் சைபர். எழுதிக்கினு போங்க. மூணு ரீடிங்கும் ஒரே மாதிரி போடாதீங்க, டவுட் வரும். முதல்ல ஒரு இருபது பாயின்ட் ஒண்ணு போட்டுக்கங்க."

பொய்யில் என்ன நுணுக்கம் பாருங்கள்.

பள்ளிப்பட்டு பஸ்ஸில் வரும் ஷாலினிக்கு மட்டும் மூன்று தடவையும் பதினெட்டு புள்ளி ஏழு வந்தது. நர்சிங் சீட்டுக்காக ஒவ்வொரு மார்க்கையும் எண்ணிக்கொண்டிருந்த பெண் அவள்.

"இன்னா இது? அழி."

"மூணு வாட்டி பாத்துட்டேங்க சார். அதான் வருது."

ஆய்வக உதவியாளர் பிரகாஷ் தலையைச் சொறிந்தார். "காலைல இரும்புக் கரைசல் பத்தலீங்க சார். நான்தான் ரெண்டு மக்கு தண்ணி ஊத்தினேன்."

ஆக, அந்த அறையில் உண்மையாக அளந்தவள் அவள் ஒருத்திதான். சார் இடத்தில் வேறொருவர் இருந்தால் கூசிப்போயிருப்பார்.

"ஊத்தினா ஊத்திட்டுப் போ. ரீடிங் இருபதுதான்" என்றார் சார்.

அவள் அழிக்கவில்லை. இளநீர் குடித்துக்கொண்டிருந்த வெளித்தேர்வாளர், பியூரெட் பக்கமே திரும்பாமல், கையிலிருந்த விடைக்குறிப்பைப் பார்த்து அவளுக்கு ஐந்து மார்க் வெட்டினார். மற்ற எல்லோருக்கும் முழு மார்க். பியூரெட்டை நிரப்பவே மறந்துபோன பெண்ணுக்கும் முழு மார்க்.

கோதண்டத்தைத் திட்டக் கிளம்பிவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அன்று சாயங்காலம் உங்கள் மகள் வீட்டுக்கு வந்து, "எனக்குப் பதினெட்டு புள்ளி ஏழு வந்துச்சு" என்று சொல்லியிருந்தால், சரியாக அளந்தாயா என்றா கேட்டிருப்பீர்கள்?

"மத்தவங்களுக்கு எவ்ளோ வந்துச்சு?"