உப்பிய டப்பாவும் ஜெபராணியின் கல்யாணமும்

அல்லிநகரம்,
ஆகஸ்ட் 1974

தூத்துக்குடியில் இருக்கும் அன்பு மச்சான் அய்யாத்துரை அவர்களுக்கு, உங்கள் தங்கை சுகிர்தத்தின் கணவன் பொன்னுராஜ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கு அனைவரும் சுகம். வயிறும் இப்போது சுகம்.

போன வருஷம் நம் மகள் ஜெபராணியைப் பெண் பார்க்கப் போடியிலிருந்து குருசாமி அண்ணாச்சி மகனோடு வந்ததும், சாப்பிட்டுப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்ததும், "சமைக்கத் தெரியாத பிள்ளை வேண்டாம்" என்று சொல்லியனுப்பியதும் நீங்கள் அறிந்ததே. அன்றிலிருந்து அவள் அடுப்படிப் பக்கமே போகவில்லை மச்சான், பார்க்கச் சகிக்கலை எனக்கு. குற்றமெல்லாம் அன்றைக்கு அவள் குழம்பு வைக்க நான் வாங்கி வந்த டப்பா மீனில்தான். டப்பா உப்பியிருந்தது, கம்பெனிக்காரன் தாராளமாக அடைத்திருக்கிறான் என்று நானும் கடைக்காரரும் சந்தோஷப்பட்டோம். திறந்ததும் வீடே நாறியது. நாங்க கடலைக் கண்டோமா? எங்களுக்குத் தெரிஞ்சது கருவாடு, அது நாறத்தானே செய்யும், இது சீமைக் கருவாடு போலன்னு புளியைக் கூடக் கரைச்சு ஊத்தச் சொல்லிட்டேன்.

சுகாதார இன்ஸ்பெக்டர் கடையில் மிச்சமிருந்த டப்பாக்களுக்குச் சீல் வைத்து, கம்பெனி மேல் கேஸ் போட்டார். நேற்று விசாரணை. கம்பெனி வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றி, "நாறுகிற மீனைத் தெரிந்தே சமைத்தீர்களா?" என்றார். "ஐயா, நாறாத கருவாடு இருந்தாக் காட்டுங்க, அதையே வாங்கிக்கிறேன்" என்றேன். கோர்ட்டே சிரிச்சிருச்சு. மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்காமல் ஒரு டப்பாவைத் திறக்கச் சொன்னார். டவாலி ஆணியை வச்சு ஒரு தட்டுத் தட்டினாரு பாருங்க, புஸ்ஸுன்னு வக்கீல் கோட்டு மேல பீய்ச்சி அடிச்சிருச்சு! மூக்கைப் பொத்திக்கிட்டு முதல்ல ஓடினது அவருதான். கம்பெனிக்கு அபராதம் போட்டாச்சு.

சாட்சிக்கு வந்திருந்த குருசாமி அண்ணாச்சி கோர்ட் வாசல்ல எல்லார் முன்னாடியும் என் கையைப் பிடிச்சு, "பொன்னுராசு, பிள்ளை மேல குத்தமில்லப்பா. தையில கல்யாணத்தை வச்சுக்கிருவோம்"னு சொன்னாக. இன்று காலை ஜெபராணி தானாகவே ரசம் வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தையில் குடும்பத்தோடு முன்னதாகவே வந்து எல்லாம் எடுத்துக்கட்டிச் செய்ய வேண்டும். கர்த்தர் உங்கள் அனைவரையும் காப்பாராக.

இப்படிக்கு,
பொன்னுராஜ்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது போடியிலிருந்து ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அங்கே விருந்தாம். சம்பந்தியம்மா அன்னத்தாய் சொல்லியனுப்பியிருக்காக: "உங்களுக்கு டப்பா மீன் பிடிக்கும்னு இங்கன கடையில ரெண்டு வாங்கி வச்சிருக்கேன். அதே கம்பெனிதான். அபராதம் கட்டினவன் இனி ஒழுங்கா அடைப்பான்ல. ரெண்டும் நல்லாக் கொழுகொழுன்னு இருக்கு." வேண்டாமென்றால் சம்பந்தம் போய்விடும். சுகிர்தம் சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள். எதற்கும் திங்கட்கிழமை நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மச்சான்.