இரண்டு கேமராவும் ஒரு ஜன்னலும்

இந்த வருஷம் ஒரு குறும்படமாவது இயக்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். கதை தயார். சம்பளம் கேட்காத கதாநாயகி வீட்டிலேயே இருக்கிறாள். கேமராதான் பாக்கி.

கடைக்காரர் பழைய கூட்டாளி. ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லி இரண்டு கேமராக்களைக் கொடுத்தார். ஒன்று பெரிது, பீரங்கி மாதிரி மூக்கு. கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றால் தெருவே என்னை இயக்குநர் என்று நம்பும். இன்னொன்று சோப்பு டப்பா அளவு, பாதி விலை. என் மனைவி டப்பாவைத்தான் வாங்கச் சொல்வாள். துணி தைக்கிறவள், என் ஆசைகளையும் அளவெடுத்துத்தான் வெட்டுவாள்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். பீரங்கியால் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்தேன். டப்பாவால் சமையலறை மூலையில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில். இரண்டையும் டிவியில் போட்டுக் காட்டினேன்.

"பார்த்தியா? இதுல நீ மகாராணி. அதுல ஆவி."

"ஆமாங்க, நல்லாவே வித்தியாசம் தெரியுது."

எனக்குள் விசில் பறந்தது.

"ஏங்க, என் தையல் மெஷின் இத்தனை வருஷமா ஏன் ஜன்னல் பக்கம் கிடக்குது?"

"காத்து வரும்னு."

"கறுப்புத் துணியில கறுப்பு நூல் தெரியணும்னு. இப்படி வந்து உட்காருங்க."

அதே நாற்காலி, அதே ஜன்னல். இரண்டாலும் என்னை எடுத்தாள். இரண்டிலும் ஒரே முகம், ஒரே அசடு.

"படம் ஒண்ணுபோலத்தான் இருக்கு. சரி, பெரிசுல மைக் சொருகற ஓட்டை எங்கே?"

"பின்னாடி எங்கேயாவது இருக்கும்."

"இல்லவே இல்லை. சின்னதுல இருக்கு. பேசுறது கேட்கலைன்னா உங்க படத்தை யாரு பார்ப்பா?"

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"கூட வந்த புத்தகத்தை நீங்க காபி டம்ளருக்கு அடியில வச்சீங்க. நான் எடுத்துப் படிச்சேன். எட்டாவதோட நின்னவ படிக்க மாட்டான்னு நினைச்சீங்களா?"

டப்பாவே வந்தது. போகட்டும், டப்பா பிடித்தாலும் இயக்குநர் இயக்குநர்தானே என்று தேற்றிக்கொண்டு, படப்பிடிப்பு அன்று தொப்பி மாட்டிக்கொண்டு வந்தேன். கேமரா அவள் கையில் இருந்தது.

"பொண்டாட்டியையே மூலையில வச்சு ஆவியாக் காட்டுறவரை நம்பி யாருங்க நடிப்பா? எனக்குப் பதிலா நடிக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, நான் எடுத்தாத்தான் நடிப்பேன்னுட்டாங்க."

"அப்ப நான்?"

"உங்களுக்கு இல்லாத வேலையா?"

கதை என்னுடையது, இயக்கம் அவளுடையது. அக்கா முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் நிற்பது நான்.