பூட்ஸுக்குள் ஞாயிறு பேப்பர்

"அணீ...ஈ...ஈ... நேர் நில்!"

சார்ஜென்ட் பகிலின் தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தத்தில் லண்டன் மால் சாலை மரங்களிலிருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின. சாலையின் இரு பக்கமும் பூட்ஸ்கள் ஒரே அறையாகத் தரையில் இறங்கின. சிப்பாய் ஸ்டான்லி க்ரப்பின் பூட்ஸும் இறங்கியது. இறங்கிய வேகத்தில் வலி உச்சந்தலை வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தவன், எதிர்ப்பக்கம் கண்ட காட்சியில் வலியையே மறந்தான்.

கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு சிவப்புத் தொப்பி. அவன் மனைவி மேவிஸ்.

மேவிஸ் வந்ததில் தப்பில்லை. நாடாளுமன்றத்தைத் திறந்து வைக்க அரச வண்டி போகிற நாள். பாதி லண்டன் அங்கேதான் இருந்தது. ஆனால் அவள் நின்ற இடம்! எதிர்வரிசைச் சிப்பாய் டெஸ்மண்ட் ஹோல்ட்டின் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில்.

"வாலி, எதிர்ல பாத்தியா?" என்றான் ஸ்டான்லி, உதடு அசையாமல். காவற்படையில் சேர்ந்த சில மாதங்களிலேயே எல்லோருக்கும் கைவந்துவிடும் வித்தை அது.

பக்கத்தில் நின்ற வாலி டக்கின் உதடும் அசையவில்லை. "பாத்தேன். மூணு நாளா உன்கூட பேசலன்னு அழுதியே, இங்க நல்லா வாய் நிறையப் பேசறாங்களே!"

பேசத்தான் செய்தாள். டெஸ்மண்டின் தோளுக்குப் பின்னால் அவள் வாய் ஓயாமல் அசைந்தது. டெஸ்மண்ட் சிலை மாதிரி நின்றான். கள்ளன்! கேட்டுக்கொண்டேதானே நிற்கிறான்?

எல்லாம் படைமுகாம் நடன விருந்தில் ஆரம்பித்தது. ஸ்டான்லிக்கு ஆட வராது. டெஸ்மண்ட் கேட்டான், மேவிஸ் ஆடினாள். ஒரு முறையல்ல, இரு முறை. அதோடு விட்டாளா? வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அந்த உசரமான கரடித்தோல் தொப்பி அவருக்கு என்ன எடுப்பா இருக்கு! நீங்க போட்டா தலையில பூனை ஏறின மாதிரி இருக்கு" என்றும் சொல்லிவிட்டாள். ஸ்டான்லி கத்தினான். அவளும் கத்தினாள். "ஹல் ஊர்ல எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்" என்று பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். அந்தப் பெட்டி இன்னும் வாசற்கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

டெஸ்மண்ட் தன்னைவிட ஒரு விரற்கடை உயரம் என்பதுதான் ஸ்டான்லியை அரித்தது. வரிசை பிரிப்பதும் உயரத்தை வைத்துத்தான். உயரமானவர்கள் வடக்குப் பக்கம், மற்றவர்கள் தெற்கு. வருடா வருடம் டெஸ்மண்ட் வடக்கில் கடைசி ஆள், ஸ்டான்லி தெற்கில் முதல் ஆள். இன்று காலை ஸ்டான்லி ஞாயிற்றுக்கிழமை பேப்பரை மடித்து இரண்டு பூட்ஸுக்குள்ளும் திணித்துக்கொண்டான். சார்ஜென்ட் பகில் அளந்து பார்த்து, "க்ரப், இந்த வயசுல வளர்றியாடா?" என்று வியந்து அவனை வடக்குக்கு அனுப்பினார். டெஸ்மண்ட் முனகிக்கொண்டே தெற்குக்கு இறங்கினான்.

ஜெயித்துவிட்டதாக நினைத்தான் ஸ்டான்லி. இப்போது பார்த்தால், அவன் இறக்கிவிட்ட இடத்திலேயே டெஸ்மண்டுக்கு விருந்து நடக்கிறது.

சரியாகப் பார்க்க வேண்டுமென்று மோவாயைக் கொஞ்சம் தூக்கினான்.

"க்ரப்!" காதுக்குப் பின்னால் சார்ஜென்ட். "வானத்துல என்னடா தேடற? மழை வருமான்னு பாக்கறியா? இறக்கு தலைய!"

இறக்கினான். தொப்பி கண்ணை மறைத்தது.

"வாலி, இப்ப என்ன பண்றா?"

"சொன்னா தாங்குவியா?"

"சொல்லுடா!"

"அவன் கோட்டுப் பைக்குள்ள கை விட்டாங்க. காகிதத்துல சுத்தின ஏதோ பொட்டலம்... சாண்ட்விச் மாதிரி தெரியுது."

ஸ்டான்லியின் வயிறு எரிந்தது. அவள் செய்யும் சீஸ் ஊறுகாய் சாண்ட்விச்சா? மூன்று நாளாக அவன் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்க, இந்தத் தடியனுக்குச் சாண்ட்விச்சா?

எப்படியாவது அவளை இந்தப் பக்கம் திரும்ப வைக்க வேண்டும். துப்பாக்கியின் அடிக்கட்டையை டக், டக் என்று இரண்டு முறை தரையில் தட்டினான்.

தட்டிய பிறகுதான் நினைவு வந்தது. வாய் திறக்காமல் காவல் நிற்பவர்களுக்குத் தட்டுவதுதான் கட்டளை. இரண்டு தட்டு என்றால் ஆயுத மரியாதை.

வடக்கு வரிசை முழுவதும் துப்பாக்கியை விறைப்பாக முன்னால் உயர்த்தியது. அதைப் பார்த்துத் தெற்கு வரிசையும் உயர்த்தியது. சாலையின் நடுவே அப்போது வந்துகொண்டிருந்தது அரச வண்டியல்ல, குதிரைச் சாணம் அள்ளும் கிழவரின் தள்ளுவண்டி. அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி இரண்டு பக்கமும் பெருந்தன்மையாகத் தலையசைத்தபடி, வண்டியை இன்னும் மெதுவாகத் தள்ளினார். கூட்டம் கைதட்டியது.

"எவன்டா அது?" சார்ஜென்ட்டின் முகம் சிவப்புக் கோட்டுக்குப் போட்டியாகச் சிவந்தது. "சாணத்துக்கு சல்யூட் அடிக்க வெச்சவன் எவன்?"

எல்லோரும் சிரித்தார்கள். மேவிஸும் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி டெஸ்மண்டின் முதுகோடு பேசத் தொடங்கினாள். இப்போது கைக்குட்டையால் கண்ணை வேறு துடைத்துக்கொண்டாள்.

அழுகிறாளா? அவனுக்காகவா?

ஸ்டான்லிக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மயங்கி விழுவது. ஆண்பிள்ளை ஒருவன் கீழே விழுந்தால் எந்த மனைவியும் ஓடி வருவாள். ஆனால் காவற்படையில் மயங்குவதற்கும் முறை உண்டு. துவண்டு விழுந்தால் தண்டனை, விறைப்பாக விழுந்தால் மன்னிப்பு. வெட்டிய மரம் போல முகம் குப்புற விழுந்தான். மூக்கு முதலில் தரை தொட்டது.

"பாவம், யாரோ விழுந்துட்டாங்க" என்று எதிர்ப்பக்கக் கூட்டம் எட்டிப் பார்த்தது. சிவப்புத் தொப்பியும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

தூக்குப்படுக்கையில் போகும்போது பின்னால் குளம்புச் சத்தமும் வாத்தியமும் கேட்டன. அரச வண்டி போனது. ஸ்டான்லிக்குத் தெரிந்தது மரக்கிளைகள் மட்டும்.

முதலுதவிக் கூடாரத்தில் மருத்துவ உதவியாளர் அவன் பூட்ஸைக் கழற்றினார். "கால்ல பேப்பர் படிக்கிற ஆளை இப்பத்தான்பா பாக்கறேன். குதிரைப் பந்தயப் பக்கத்தை மட்டும் எனக்குக் குடு."

விழா முடிந்ததும் கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். டெஸ்மண்ட். அவன் காதுகள் இரண்டும் பழுத்த தக்காளியாக இருந்தன. பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து ஸ்டான்லியின் மடியில் எறிந்தான்.

"இந்தா. உன்னோடது."

ஸ்டான்லி வீங்கிய மூக்கோடு எழுந்தான். "என் பொண்டாட்டி உன் பையில போட்டது எப்படிடா என்னோடதாகும்? அவ்வளவு நேரமா உன்கிட்ட என்னடா சொன்னா?"

டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வீசினான்.

"'ஸ்டான், என் தங்கமே, நான் ஹல்லுக்குப் போகல, உங்களக் கடுப்பேத்தத்தான் ஆடினேன், அந்த டெஸ்மண்ட் தன்னைப் பத்தியே பீத்திக்கற சரியான கழுதை'ன்னு உன் இடத்துல நின்ன என் முதுகுகிட்ட சொல்லிச் சொல்லி அழுதாடா, அரச வண்டி வர்ற நேரத்துல திரும்பி, 'அம்மா, நான்தான் அந்தக் கழுதை'ன்னு சொல்ல முடியுமா?"